கொக்கு யாரைப் பார்த்தது?

மதியச் சாப்பாட்டு வேளையில் கொக்கு கழுத்தைத் திருப்பியது. திருப்பி, ஜன்னலோர மூன்றாவது பெஞ்சைப் பார்த்தபடி நின்றுவிட்டது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவில் இருந்த அத்தனை பேருக்கும் வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

அந்தப் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி உச்சினி, வாயாடி, வகுப்பில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவள். மற்றவள் மிருதுளா, போன வருஷம்தான் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவள்.

"எல, கொக்கு பாக்குதுலா!" என்றான் பின்பெஞ்சில் ஒருவன்.

"யாரைல பாக்குது?"

மிருதுளா தலையைத் தூக்கவில்லை. புளிசாதத்தில் கிடந்த கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைத்தாள். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் உலகத்திலேயே முக்கியமான வேலை என்பது மாதிரி வைத்தாள். உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

ஒரு ரோபோ கழுத்தைத் திருப்பினால் இத்தனை கலவரமா என்று கேட்கத் தோன்றும். வேப்பலங்கரைப் பள்ளிக்கூடத்துக் கதை தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

போன வருஷம் வரை அங்கே ஒருவன் எந்தத் தெரு என்று தெரிய அவன் மணிக்கட்டைப் பார்த்தால் போதும். தெருவுக்கு ஒரு நிறத்தில் கயிறு. தெரு என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கயிற்றைத் தடை செய்தார்கள். பேனா மூடியின் நிறத்தில் வந்து நின்றது. மூடியைத் தடை செய்தார்கள். பை ஜிப்பில் தொங்கும் வளையத்துக்குப் போனது. கடைசியில் தண்ணீர்த் தொட்டி அருகே நடந்த சண்டையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஒரு கண் போயிற்று. அதற்கப்புறம்தான் தலைமையாசிரியை மாணவர் மன்றத்தைக் கூப்பிட்டு, "வகுப்புக்கு ஒரு ரோபோ சும்மாதானே நிக்குது, அதை வச்சு இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார்.

சும்மா நின்றது என்றும் சொல்லக் கூடாது. வருகைப்பதிவு எடுக்கும், ஆங்கிலம் வாசித்துக் காட்டும், நோட்டுக் கட்டுகளைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வரும். ஸ்டூல் உயரத்துக்கு ஓர் உடம்பு, அதன்மேல் நீளக் கழுத்து, நுனியில் இரண்டு கண். வந்த அன்றைக்கே பிள்ளைகள் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தது உச்சினி.

மன்றத்தில் மிருதுளாவும் இருந்தாள், தங்கமாரியும் இருந்தான். தங்கமாரி பெரிய தெருப் பையன். முன்பு இரண்டு கையிலும் கயிறு கட்டிக்கொண்டு திரிந்தவன். கண் போன பையன் அவன் தம்பியின் பெஞ்சுக்காரன். அந்தச் சண்டைக்குப் பிறகு ஆளே மாறிப்போனான். யோசனை அவனுடையதுதான்.

"போன வருசச் சண்டை எல்லாம் வகுப்புக் கேமராவுல கெடக்குலா. அதைக் கொக்குக்குப் போட்டுக் காட்டுவோம். சண்டைக்கு முந்தி வகுப்பு எப்படி இருந்துச்சுன்னு அதுவே படிச்சுக்கிடட்டும். அடி விழப்போற எடத்தைப் பாத்து நிக்கட்டும். ஒரு கண்ணு பாத்துக்கிட்டே நிக்குதுன்னா எவன் கை ஓங்குவான்?"

"ஆனா ஒண்ணு," என்றாள் மிருதுளா. "சாதி, தெரு, அப்பா பேரு, எதையும் அதுக்குக் குடுக்கக் கூடாது." அடித்துச் சொன்னாள். மன்றத்துக்குப் பொறுப்பான இயற்பியல் ஆசிரியர் ஞானசெல்வம், சபாஷ் என்று மேசையைத் தட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, வேலை நடந்தது. கொக்குகள் பார்த்தன, ஓங்கிய கைகள் இறங்கின. ஒரு பருவம் முழுக்க ஒரு சண்டை இல்லை. பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தலைமையாசிரியை கொக்குக்குச் சந்தனம் வைக்காத குறைதான்.

ஆனால் பிள்ளைகளுக்கா மூளை இல்லை? கொக்கு யார் யாரைப் பார்க்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். எப்போதும் அடி வாங்குகிறவன் பக்கம்தானே அடி விழப்போகும் இடம்? அடி வாங்குகிறவன் எந்தத் தெரு என்பது ஊருக்கே தெரிந்ததுதானே? கணக்குப் போட்டுவிட்டார்கள். கொக்கு பார்த்தால் அவன் அந்தத் தெரு. 'கொக்கு பாத்த ஆளு' என்று ஒரு புது வசவு பிறந்தது. கயிற்றையாவது அவிழ்த்து எறியலாம். கொக்கின் பார்வையை எங்கே போய் அவிழ்ப்பது?

அந்தப் பார்வைதான் இப்போது மிருதுளாவின் பெஞ்சில் வந்து விழுந்திருந்தது.

"ஏட்டி, தண்ணி குடி, விக்கிரப்போவுது," என்று உச்சினி தன் பாட்டிலை நீட்டினாள். சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நீட்டினாள். மிருதுளா வாங்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான் குடிப்பாள்.

கொக்கு அசையவில்லை.

* * *

"யார் சொன்னது? அந்த மிஷினுக்கு யார் சொன்னது?"

அம்மா இதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். மெதுவாகக் கேட்டாள், மாடியில் வீட்டுக்காரர் இருந்தார். வீட்டுக்காரர் வேறு யாருமில்லை, உச்சினியின் அப்பா பெருமாள். மிருதுளா அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவாள். உச்சினி மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினால் அதில் முறுக்கு இருக்கும், இல்லாவிட்டால் வாங்கிப்போன வீட்டுப்பாடம் இருக்கும்.

"யாரும் சொல்லலம்மா. அதுக்குச் சொல்லக் கூடாதுன்னு நான்தானே சொன்னேன்."

"அப்புறம் எப்படிடி உன்னைப் பாக்கும்?"

முன்பு இருந்த ஊரில் அவர்கள் வாடகை வீட்டைக் காலி செய்தது ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். வீட்டுக்காரர் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. "உங்களைப் பத்தித் தெரியாமப் போச்சுங்க" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கே அப்பா மாற்றல் கேட்டார். இந்த ஊருக்கு வந்த அன்று அம்மா அப்பாவையும் அவளையும் உட்காரவைத்துச் சொன்னாள்: யார் கேட்டாலும் சிரி, சொல்லாதே. யார் வீட்டு அடுப்படிக்கும் போகாதே. யார் தண்ணியையும் வாய் வச்சுக் குடிக்காதே. எதுவானாலும் முகத்துல காட்டாதே.

மிருதுளா அதை நன்றாகவே கற்றுக்கொண்டாள். ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

வரவேற்பறை மூலையில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் கிடந்தன. நல்ல பாத்திரமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. அம்மா அவற்றைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"உன்கூடப் படிக்கிறதுல எவனோ ஒருத்தன் தோண்டியிருக்கான். யாருன்னு பாரு. அந்த உச்சினிகிட்டயும் ஜாக்கிரதையா இரு. நல்ல பொண்ணுதான், வாய் நிக்காது."

* * *

அன்றிலிருந்து மிருதுளாவுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

தங்கமாரியை முதலில் சந்தேகப்பட்டாள். மன்ற வேலை என்று சாயங்காலமெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தான். இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். பழைய கயிற்றுப் புத்தி எங்கே போகும்? ஞானசெல்வம் சாரையும் சந்தேகப்பட்டாள். ஆசிரியர்களுக்குத் தெரியாத சாதி இருக்கிறதா? சேர்க்கும்போதே கேட்டு வாங்கிவிடுகிறார்களே. நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார். முன்னால் இருந்த வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார்.

அப்புறம் உச்சினி. அம்மா சொன்னது காதிலேயே நின்றது. உச்சினி இப்போதெல்லாம் சிரிப்பைக் குறைத்திருந்தாள். மிருதுளா பக்கத்தில் வந்து உட்காரும் முன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள்? என்னோடு உட்கார வெட்கமா? இவளுக்குத் தெரியுமா? தெரிந்தால் யார் யாரிடம் சொன்னாள்?

கொக்கு தினமும் மத்தியானம் அந்தப் பெஞ்சைப் பார்த்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பின்பெஞ்சுக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். உச்சினி டிபன் பாக்ஸ் கழுவப் போயிருந்தாள்.

"ஏ மிருதுளா, உங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"திண்டுக்கல் பக்கம்."

"பக்கம்னா? ஊருக்குள்ளயா, ஊருக்கு அந்தப் பக்கமா?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். "இல்ல, கொக்கு உன்னையவே பாக்குதே, அதான் கேட்டோம்."

மிருதுளாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் ஒரு வருஷமாகச் சிரித்துப் பழகியிருந்தாள். சிரித்துக்கொண்டே, யோசிக்காமலே சொன்னாள்:

"என்னையா? நல்லாப் பாருங்க. அது உச்சினியைத்தான் பாக்குது. நானும் ரெண்டு நாளா கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

சொல்லி முடித்துத் திரும்பினால் வாசலில் உச்சினி. கையில் டிபன் பாக்ஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வந்து உட்கார்ந்து, டப்பாவைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

உச்சினி பெரிய தெருப் பெண்ணாயிற்றே, அவள்மேல் எப்படி ஒட்டும் என்றுதான் மிருதுளா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒட்டாதாவது! ஊர் வாய்க்கு ஒட்டவைக்கவா தெரியாது? உச்சினியின் அம்மா கேரளத்துப் புனலூர்ப் பக்கத்துக்காரி. பெருமாள் மாமா லாரி ஓட்டிய காலத்தில் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவர். இத்தனை வருஷம் யாரும் அதைப் பேசியதில்லை. இப்போது பேசினார்கள். 'அவ அம்மா யாருன்னு நமக்கு என்ன தெரியும்? மிஷினு பொய் சொல்லுமா?' வெள்ளிக்கிழமைக்குள் பேச்சு பள்ளிக்கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு வருஷா வருஷம் மாவிளக்கு எடுக்கும் அத்தையிடம், இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாடியில் தட்டு விழுகிற சத்தம் கேட்டது. மாமா கத்துவது கேட்டது. அத்தை அழுவது கேட்டது. உச்சினியின் குரல் மட்டும் கேட்கவே இல்லை. கீழே மிருதுளாவின் அம்மா விளக்கை அணைத்துவிட்டு, "நல்லவேளை, நம்ம பக்கம் வரல," என்றாள். சொன்னதும் தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

* * *

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் உச்சினி பள்ளிக்கு வரவில்லை. மிருதுளா பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். கொக்கு திரும்புமென்று காத்திருந்தாள்.

கொக்கு அவளைப் பார்க்கவே இல்லை. நேராகக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பாத்தியால? அவ வரல, கொக்கும் திரும்பல. அப்ப உச்சினியேதான்," என்று பின்பெஞ்சில் தீர்ப்பு வந்தது.

மிருதுளா டப்பாவை மூடினாள். தப்பித்தாயிற்று என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அவளுக்கு ஒன்று தெரியும், வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது: அந்தப் பெஞ்சில் மறைக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். அப்படியிருக்க, கொக்கு உச்சினியிடம் எதைப் பார்த்தது? அவள் வாய்க்கு வந்தபடி சொன்ன பொய் எப்படி உண்மையானது?

பள்ளி விட்டதும் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். தங்கமாரி இருந்தான். சாரும் இருந்தார். இவளைப் பார்த்ததும் தங்கமாரி திரையை மறைத்துக்கொண்டு எழுந்தான். அவ்வளவுதான், அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னத்த மறைக்கிற? கொக்குக்கு என்ன சொல்லிக் குடுத்த? யாரைப் பத்தி யாரு விசாரிக்கச் சொன்னா உன்னை?"

"நான் யாரையும் விசாரிக்கல," என்றான் தங்கமாரி. முகம் சிவந்துவிட்டது. "இந்தக் கொக்கை எப்படி நிறுத்துறதுன்னுதான் ஒரு வாரமா சார்கிட்டத் தொங்கிட்டிருக்கேன். எச்.எம். விட மாட்டேங்காங்க. ஒரு சண்டை இல்ல, எதுக்கு நிறுத்தணும்ங்காங்க. உன்கிட்டச் சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல. நம்ம மூணு பேரும் சேந்துதான இந்தக் கூத்தைப் பண்ணோம்."

"உக்காரும்மா," என்றார் ஞானசெல்வம் சார். "என்ன தெரியணும் உனக்கு?"

"எங்க பெஞ்சுல அது எதைப் பாக்குதுன்னு தெரியணும்."

"அதைக் கேட்டாக் காட்டும். எந்தெந்தக் காட்சியைப் பாத்து முடிவு பண்ணுச்சோ அதை எடுத்துப் போடும்." சார் கொஞ்சம் தயங்கினார். "முந்தியே ஒண்ணு சொல்லிருதேன். நாம அதுக்குச் சாதியைக் குடுக்கல. அதுக்குச் சாதின்னா என்னன்னே தெரியாது. சண்டைக்கு முந்தி அடி வாங்கப்போற பையன் மூஞ்சி எப்படி இருக்கும்? பயந்து இருக்கும். சுத்திச் சுத்திப் பாப்பான். அதைத்தான் கொக்கு படிச்சிருக்கு. அது பாக்கது பயத்தை. வேற ஒண்ணும் இல்ல."

திரையில் காட்சிகள் வந்தன. எல்லாம் மத்தியான வேளை, எல்லாம் அதே பெஞ்சு. மிருதுளா தன்னைத்தான் முதலில் பார்த்தாள். சிரித்துக்கொண்டு, சாதம் பிசைந்துகொண்டு, எந்தக் கவலையும் இல்லாத பெண்ணாக இருந்தாள். பக்கத்தில் உச்சினி. மிருதுளா பாட்டிலுக்குக் கை நீட்டுகிறாள். உச்சினியின் கண் வாசலுக்குப் போகிறது, பின்பெஞ்சுக்குப் போகிறது, திரும்பி வருகிறது. பிறகு பாட்டிலைக் கொடுக்கிறாள். மிருதுளா அண்ணாந்து குடிக்கிறாள். உச்சினி தோளைத் திருப்பி அவளை மறைத்துக்கொள்கிறாள். அடுத்த காட்சி. மறுபடியும் வாசல், பின்பெஞ்சு, தோள். யாரோ மிருதுளாவிடம் 'உங்க ஊரு எது' என்று கேட்கிறார்கள். உச்சினி குறுக்கே புகுந்து ஏதோ கிண்டலடித்துப் பேச்சை மாற்றுகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். உச்சினியின் கை மட்டும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"அவளுக்கு என்ன பயம்?" என்றான் தங்கமாரி. "யாரைப் பாத்துப் பயப்படுதா?"

யாரைப் பார்த்து என்பது கேள்வியே இல்லை, யாருக்காக என்பதுதான் கேள்வி. மிருதுளாவுக்கு அது புரிந்துவிட்டது.

"எனக்குப் பயம் இல்லையா சார்?" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "என்னை ஏன் அது பாக்கல?"

சார் அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது; தெரிந்தும் ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"பழகினவங்க மொகத்துல தெரியாதும்மா. புதுசாப் பயப்படுறவங்க மொகத்துலதான் தெரியும். உன்னையப் படிக்கிற அளவுக்குக் கொக்குக்கு இன்னும் அறிவு பத்தாது."

தங்கமாரி திரையைப் பார்த்தான், மிருதுளாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். கையை நீட்டித் திரையை அணைத்தான்.

* * *

உச்சினி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் விரல் பதிந்த தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. மிருதுளா படியேறி வந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் கிளிப்பைக் கழற்றினாள்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றாள் மிருதுளா.

"என்னது தெரியும்?"

"உச்சினி..."

"வந்த ரெண்டாம் மாசமே தெரியும்," என்றாள் உச்சினி. துணியை உதறினாள். "எங்கம்மா அடுப்படிக்குள்ள வா வான்னு எத்தனை தடவ கூப்பிட்டா? நீ ஒரு நாளு வாசப்படியத் தாண்டுனியா? என் பாட்டில்ல ஒரு நாளு வாய் வச்சிருக்கியா? எங்க ஆளா இருந்தா உரிமையா உள்ள வந்து சட்டியத் தொறந்து பாத்திருப்ப. இவ்வளவு பாத்துப் பாத்து நடக்கவ யாரா இருப்பான்னு எனக்குத் தெரியாதாக்கும்? நான் என்ன கூமுட்டையா?"

ஒரு வருஷமாகத் தப்பாமல் காத்த காவல்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது. மிருதுளா தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிருவ. எங்கப்பா நல்லவருதான். ஆனா தெருவுல நாலு பேரு கேட்டா நல்லவரா இருக்க மாட்டாரு. அவரு காதுக்குப் போயிரக் கூடாதேன்னுதான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். 'கொக்கு பாத்த ஆளு'ன்னு பேச்சு வந்ததுலேருந்து பயம் இன்னும் கூடிப்போச்சு." உச்சினி முதல்முறையாகத் திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். "கொக்கு பாத்ததுக்கு நான் அழல. அம்மாவுக்கு மாவிளக்கு இல்லன்னதுக்கு அழுதேன். நீ என்னையக் கைகாட்டிவிட்டியே, அதுக்கு அழுதேன். நீ யாருன்னு நான் ஒரு வார்த்த சொன்னா என் தலைவலி அத்தனையும் தீந்துருக்கும். அப்பா அடிக்கும்போதுகூடச் சொல்லல. நீ அங்க சிரிச்சுக்கிட்டே சொல்லிட்ட."

மன்னித்துவிடு என்றாள் மிருதுளா. அது அவளுக்கே போதவில்லை.

"கீழ போ. அப்பா வார நேரம்," என்றாள் உச்சினி.

அன்றிரவு மிருதுளா அம்மாவிடம் சொன்னாள், நாளைக்கு வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று. அம்மா கத்துவாள் என்று நினைத்தாள். அம்மா கத்தவில்லை.

"சொன்னா மறுபடியும் பெட்டியைக் கட்டணும்டி," என்றாள் சோர்வாக.

"நாமதான் இன்னும் பிரிக்கவே இல்லையேம்மா."

அம்மா வெகுநேரம் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

* * *

புதன்கிழமை உச்சினி வந்தாள். அதே பெஞ்சு, ஆனால் நடுவில் பையை வைத்துக்கொண்டாள். மத்தியான மணி அடித்தது. டப்பாக்கள் திறந்தன. கொக்கு கழுத்தைத் திருப்பியது.

"ஆரம்பிச்சுட்டுல," என்றது பின்பெஞ்சு.

மிருதுளா எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. கொக்கு உச்சினியப் பாக்கல. என்னைத்தான் பாக்குது. அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நீங்க எல்லாரும் கேக்கணும்னு துடிச்சீங்கல்ல, நான் அந்தத் தெருதான். எங்க ஊர்ல எங்களுக்கு ஊருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. போதுமா?"

எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இல்லை, கொக்கின்மேல் இருந்தது. கொக்கு என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். கொக்கு நின்றிருந்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்தவளையே பார்த்தது. உச்சினியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் வாசலைப் பார்த்தாள், பின்பெஞ்சைப் பார்த்தாள்.

எவனோ களுக்கென்று சிரித்தான். "சும்மா சொல்லுதால. கூட்டுக்காரிக்காகப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிடுதா."

"நிஜமாத்தான் சொல்றேன்!"

"கொக்கு பாக்கலையே?" என்றாள் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, பரிதாபமாக. "நீ அந்தத் தெருவா இருந்தா உன்னையப் பாக்கும்லா?"

அடப் பாவிகளா! ஒருத்தி தன் வாயால் தன்னைப் பற்றிச் சொல்கிறாள், அதற்கு ஒரு தகர டப்பாவிடம் சாட்சி கேட்கிறார்கள். மிருதுளாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விறுவிறுவென்று போய்க் கொக்கின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்னைப் பாரு. என்னைப் பாரு, சனியனே!"

கையை எடுத்ததும் கழுத்து மெல்லச் சுழன்று உச்சினியிடம் போய் நின்றது. மறுபடி திருப்பினாள். மறுபடி போயிற்று. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. தங்கமாரி மட்டும் எழுந்து, "எல, வாய மூடுங்கல," என்று கத்தினான்.

அவள் வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. இனி யாரும் அவளைச் சந்தேகப்படப்போவதில்லை. போன வாரம் இதற்காக எதையும் கொடுத்திருப்பாள், கொடுக்கவும் செய்தாள்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். நடுவில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏன்டி சொன்ன?" என்றாள் உச்சினி பல்லைக் கடித்துக்கொண்டு. கண் கலங்கியிருந்தது. "ஒருத்தனாவது நம்பிப் போயி அப்பாகிட்டச் சொன்னா?"

"சொல்லட்டும். ராத்திரி நானே வந்து மாமாகிட்டச் சொல்றேன். அத்தைக்கு மாவிளக்குத் திரும்பி வரணும்ல?" மிருதுளா கையை நீட்டினாள். "தண்ணி குடு."

உச்சினி அவளை ஒரு நிமிஷம் முறைத்தாள். "உன்மேல எனக்கு இன்னும் கோவம் போகல," என்றாள். பிறகு பாட்டிலை நகர்த்தினாள்.

மிருதுளா அண்ணாக்கவில்லை. பாட்டிலின் விளிம்பில் உதட்டை வைத்து, நாலு வாய், வகுப்பு பார்க்கக் குடித்தாள். தண்ணீரில் ஏலக்காய் வாசம் இருந்தது. அத்தை போடுவாள் போலிருக்கிறது. ஒரு வருஷமாகக் குடித்தும் இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். உச்சினி வாங்கினாள். கண் பழக்கத்தில் வாசலுக்குப் போகப் பார்த்தது. பாதியிலேயே திரும்பி வந்தது. விளிம்பைத் துடைக்கவில்லை. அப்படியே வாயில் வைத்து, மீதியை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

கொக்கு கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு கழுத்தை நிமிர்த்திக் கரும்பலகையைப் பார்த்தது.

"என்னல இது, யாரையுமே பாக்க மாட்டேங்கு?" என்றான் பின்பெஞ்சில் ஒருவன். "சார்ஜ் போயிட்டோ?"